தண்ணீர் ஏறும் வேளை

முதலில் கெட்டுப்போனது பைனாகுலர் என்றுதான் நினைத்தேன்.

பந்திங்கைத் தாண்டி இருக்கும் ஒரு கடற்கரையில், ஓர் அக்டோபர் மாதக் காலையில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றில் மேய்ந்த பறவைகள் அலைக்கு முன்னால் கரையை நோக்கி நகர்ந்து வந்தன. காட்சியைத் தெளிவாக்கும் சக்கரத்தை ஆள்காட்டி விரலால் திருப்பினேன். அசையவில்லை. உப்புக்காற்று பட்டு இறுகிவிட்டது போலிருக்கிறது என்று இடது கையால் திருப்பிப் பார்த்தேன். சுலபமாகத் திரும்பியது.

அப்போதே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தேன். "ஒண்ணுமே கெட்டுப்போகலையே ஆன்டி, நல்லாதான்லா இருக்கு" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலை தெரியாத ஆள் என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இதை நான் விரலால் எழுதவில்லை. கண்ணால் எழுதுகிறேன். திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். எதைச் சற்று நேரம் உற்றுப் பார்க்கிறேனோ அது விழும். என் மகள் தர்ஷினி பொருத்திக் கொடுத்த ஏற்பாடு. அதனால் வளவளவென்று எழுத வழியில்லை. ஆறுதல் தேடி வந்திருந்தால் வேறு யாருடைய கட்டுரையையாவது படியுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு வந்த இதே நோயின் பெயரைக் கேட்டுவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் காருக்குள் யாரும் வாய் திறக்காமல் வந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. கிள்ளானில் வீடு. துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் அலுவலகச் சன்னலுக்கு வெளியே சதுப்புக்காடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே தத்தித் தத்தி மேய்ந்த ஒரு பறவையின் பெயரைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அங்கே பிடித்தது இந்தப் பைத்தியம். ஊர்க்காரர்கள் விடுமுறையில் லங்காவிக்கும் மெட்ராசுக்கும் போவார்கள். நான் ஆண்டு விடுப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டு சேறு பார்க்கப் போவேன். கோல சிலாங்கூர், செகிஞ்சான் வயல், பந்திங் கடற்கரை என்று ஒரு வாரம் சுற்றுவேன். வடக்கே குளிர் வருவதற்கு முன் இலை உதிரும் மாதங்களில்தான் பறவைகள் அங்கிருந்து கிளம்பி நம் கரைக்கு வந்து சேரும். நம் ஊரில் இலை உதிர்வதெல்லாம் ஏது? மழை பிடிக்கும், அவ்வளவுதான்.

வண்டி ஓட்டுவது என் கணவர் ராஜேந்திரன். மேருவில் லோரி பட்டறை வைத்திருக்கிறார். காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். நான் சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் மரத்தடியில் நாற்காலி போட்டுத் தூங்குவார். அவருக்கு இருந்த ஒரே குறை, பறவைகள் வருவது புரட்டாசியில் என்பது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம். "மீன் பொரிக்கிற வாசனை மூக்கைத் துளைக்குது, நான் இங்க உக்காந்து வெறும் கொய்த்தியாவ் நூடுல்ஸ் திங்கறேன். அந்தப் பறவைகள ஐப்பசில வரச் சொல்லக் கூடாதா?" என்பார். வருஷா வருஷம் இதே பேச்சு. வருஷா வருஷம் நானும் சிரிப்பேன்.

அந்தப் புரட்டாசிதான் எங்களை ஏமாற்றியது. கை பலவீனமாக இருக்கிறது என்றேன். "மாசம் பூரா காய்கறி தின்னா பின்ன எப்படி இருக்கும்?" என்றார் அவர். அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள். மெலிந்திருக்கிறேன் என்றார்கள். விரதம் நன்றாக இருந்திருக்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமை. தீபாவளிக்கு ஆட்டுக்கறி சாப்பிட்டேன். பலம் வரவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை பள்ளமாகிவிட்டிருந்தது. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல ஒரு துடிப்பு. வலி மட்டும் துளியும் இல்லை. வலி இருந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

மேருவில் மாக்சிக் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு மலாய்க்காரக் கிழவியிடம் ஊருட்டுக்கு (எண்ணெய் தேய்த்து நரம்பு நீவிவிடுதல்) போனேன். என் கையைப் பிடித்துப் பார்த்தவள் எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பிவிட்டாள்.

பிறகு பரிசோதனைகள். முதுகெலும்பைப் படம் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். தசையில் ஊசி குத்தி அதன் மின்னசைவைப் பதிவு செய்தார்கள். உங்களுக்கும் இதைச் செய்வார்கள். வலிக்காது என்பார்கள், நம்பாதீர்கள். கடைசியில் நரம்பியல் மருத்துவர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசுத் தமிழ்ப் பெண். கதவை அவரே எழுந்து வந்து சாத்தினார். மருத்துவர் எழுந்து கதவைச் சாத்தினால் நல்ல செய்தி இல்லை.

இயக்க நரம்பணு நோய் என்றார் (மூளையின் உத்தரவைத் தசைகளுக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு).

"குணமாகுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஒரு மாத்திர இருக்கு, வேகத்தக் கொஞ்சம் கொறைக்கும். நிறுத்த முடியாது."

பக்கத்தில் இருந்த என் கணவர் இருமினார். "டாக்டர், புரட்டாசில இவ சரியா சாப்பிடல. நாந்தான் விரதத்த விடக்கூடாதுன்னு சொன்னேன். அதனால இருக்குமா?"

அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் மாறியது. "இல்ல அங்கிள். சைவம் சாப்பிட்டு யாருக்கும் இது வராது. நீங்க செஞ்சது எதனாலயும் இது வரல" என்று மெதுவாகச் சொன்னார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் தர்ஷினி தங்கியிருந்த அறைக்குப் போய் அவளிடம் சொன்னோம். அவள் அழுதாள். நான் அழவில்லை. அறிவு, பார்வை, செவி எல்லாம் கடைசிவரை இருக்கும் என்று மருத்துவர் சொன்னதைத் தைரியம் என்று நினைத்து அவளிடம் திருப்பிச் சொன்னேன். அது தைரியம் இல்லை என்பது இப்போது தெரிகிறது. எல்லாவற்றையும் முழு நினைவோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சமையலறைக்குப் போனார். அங்கே நாள்காட்டி மாட்டியிருக்கும், தினமும் ஒரு தாள் கிழிக்கிற தமிழ் நாள்காட்டி. அதைப் பார்த்துவிட்டு வந்து, "டாக்டர் உன்னக் கூப்புட்டது ராகு காலத்துல கோமதி" என்றார். வாழ்நாள் முழுக்க எந்த நேரத்திலும் லோரியை எடுத்துக்கொண்டு போன மனுஷன். அன்றிலிருந்து மாத்திரையின் முதல் வேளை, புதுச் சக்கர நாற்காலியின் முதல் உருட்டு, எல்லாவற்றுக்கும் நேரம் பார்த்தார். ராகு காலத்தில் வாசல்படி தாண்ட விடமாட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் விட்டுவிட்டேன். பிடித்துக்கொள்ள அவருக்கும் ஏதாவது வேண்டாமா?

என் நோய் வேகமான ஜாதி. மாத்திரையை மதிக்கவில்லை. சித்திரையில் இரண்டு கையும் போயின. ஆடியில் கால்கள். பேச்சு குழறியது, வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் புரிந்தது. கழுத்து தலையைத் தாங்கச் சிரமப்பட்டது, பட்டை கட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் மஞ்சள், கருஞ்சீரகம், மூச்சுப் பயிற்சி என்று அடுக்கினார்கள். மனசைத் திடமாக வைத்துக்கொள் என்றார்கள். மனசு திடமாகத்தான் இருந்தது, தலைதான் நிற்கவில்லை. உங்களிடம் அப்படிச் சொல்ல வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாதம் பண்ணி மூச்சைச் செலவழிக்க வேண்டாம்.

எனக்கு ஒரே ஓர் ஆசை மிச்சமிருந்தது. கழுத்து நிற்கும்போதே இன்னொரு முறை அந்தக் கரைக்குப் போக வேண்டும். பறவைகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அடுத்த வருஷம் முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கரைப்பறவைகளை நினைத்த நேரத்தில் பார்த்துவிட முடியாது. தண்ணீர் வடிந்திருக்கும்போது அவை கண்ணுக்கெட்டாத தொலைவில், சேற்றின் விளிம்பில் மேயும். தண்ணீர் ஏற ஏற மேய்ச்சல் நிலம் சுருங்கி, கரைக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து வந்து நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு. வந்த தண்ணீர் யாருக்காகவும் நிற்காது. நான் பார்த்துப் பார்த்து ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் சீக்கிரம் கிளம்பினால் சரியாக இருக்கும். தர்ஷினி மருந்து, துண்டு, உறிஞ்சு குழாய் எல்லாம் எடுத்து வைத்தாள்.

அது புரட்டாசிச் சனி. விடிந்ததும் அவர் பெருமாள் கோயிலுக்குப் போனார். எனக்காக எள் விளக்கு ஏற்றிவிட்டு உடனே வந்துவிடுவதாகச் சொன்னார். புரட்டாசிச் சனியில் கிள்ளான் பெருமாள் கோயிலுக்குப் போய் யாராவது உடனே திரும்பியிருக்கிறார்களா? தெருவெல்லாம் கார். என்னைக் குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் வைத்து வாசலில் நிறுத்தியிருந்தாள் தர்ஷினி. நெற்றியில் திருமண்ணும் கையில் துளசியுமாக அவர் ஓடி வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்.

"பத்தரைக்கு கெளம்பிடலாம்" என்றார்.

"தண்ணி போயிடும்" என்றேன். குழறினாலும் அவருக்குப் புரியும்.

"அப்பா, ப்ளீஸ்ப்பா. அம்மா எவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருக்காங்க!"

"நீ சும்மா இரும்மா. ஒன்றர மணி நேரந்தான. அவளுக்குக் கெட்டதா நடக்கணும்னு நான் நெனைப்பனா? இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறோம், வழியில மூச்சு முட்டுனா என்னா செய்வே?" என்றவரின் குரல் உடைந்தது. அதற்கு மேல் வாதாட எனக்கு மூச்சு இல்லை. வாசலில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத கடலில் தண்ணீர் ஏறுவதை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் இல்லை. வெறும் சேறு. எங்கோ தொலைவில் மிளகைச் சிதறவிட்டதுபோலக் கறுப்புப் புள்ளிகள். இளநீர் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்காரர் என் நாற்காலியைப் பார்த்து இரக்கப்பட்டு, "ஆயேர் டா சூருட், காக்" என்றார். தண்ணீர் வடிந்துவிட்டதாம். எனக்குச் சொல்கிறார்.

என் கணவர் விடவில்லை. நாற்காலியை மணலில் தள்ளினார், புதைந்தது. தர்ஷினியும் இளநீர்க்காரரும் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். அவர் காரிலிருந்து என் தொலைநோக்கியை எடுத்து வந்து, முக்காலியில் பூட்டி என் கண் மட்டத்துக்கு இறக்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக அதைத் தொடுகிறார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியவில்லை. என் நெற்றியைப் பிடித்து அதில் பொருத்தினார். மதிய வெயிலில் சேறு கொதிக்கிற எண்ணெய்போல நடுங்கியது. அதற்குள் பறவை எது, குச்சி எது என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியுதா? தெரியுதா கோமதி?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கொன்றிருப்பேன். உங்கள் ராகுவும் நீங்களும் நாசமாய்ப் போங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். வந்தது சிரிப்பு. இந்த நோயில் அப்படி ஒன்று உண்டு (அழுகையும் சிரிப்பும் கட்டுப்பாட்டை மீறி, காரணத்துக்குப் பொருந்தாமல் வருவது). நிறுத்த முடியாத, கெக்கெக்கென்ற சிரிப்பு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்துட்டா! தர்ஷினி, அம்மா பாத்துட்டாங்க!" என்று அவரும் சிரித்தார். இளநீர்க்காரரும் சிரித்தார். தர்ஷினிதான் என் கண்ணைப் பார்த்தாள். துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, அவரிடம் எதுவும் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பினாள்.

காரில் வரும்போது அவர் கேட்டார். "சந்தோஷமா கோமதி?" நான் கண்ணை மூடித் திறந்தேன். ஆமாம் என்பதற்கு அதுதான் எங்கள் அடையாளம்.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள் (விழுங்க முடியாதவர்களுக்கு இரைப்பைக்கு நேராக உணவு செலுத்துவதற்கு). மூச்சுக்கு முகமூடி வந்தது. பேச்சு முழுக்கப் போனது. வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டார்கள். தர்ஷினி பிரிக்ஃபீல்ட்ஸ் அறையைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். உடம்பு என்றால் நான் ஆட்டி வைப்பது என்று இருந்த காலம் போய், மற்றவர்கள் தூக்கித் துடைத்துத் திருப்பிப் போடுவது என்று ஆனது. கொசு கடித்தால் அது குடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பழகிவிடும் என்று மருத்துவமனையில் ஒரு தாதி சொன்னார். பழகவில்லை. உங்களுக்கும் பழகாமல் போனால், அது உங்கள் குற்றம் இல்லை.

இந்த வருஷப் புரட்டாசியும் வந்தது. நான் தர்ஷினியிடம் கேட்டு, தண்ணீர் ஏறும் நேரத்தைத் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதற்கும் இல்லை, பழக்கம். அதை அவர் எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை வந்து நின்றார்.

"நான் போய் போன்ல காட்டறேன். நீ இங்கேருந்து பாரு."

கிளம்பிப் போய்விட்டார். தர்ஷினி திரையை என் முகத்துக்கு நேராக நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. தொலைநோக்கியின் கண்ணாடியில் போனை வைத்துப் பிடித்திருந்தார். முதலில் சாம்பல் நிறம். பிறகு அவருடைய பெருவிரல். பிறகு ஆடி ஆடி நின்றது படம். தண்ணீர் விளிம்பில், அத்தனை பக்கத்தில், நூற்றுக்கணக்கில் பறவைகள் நின்றன. ஒற்றைக் காலில் தூங்குபவை, ஒன்றையொன்று கொத்தி விரட்டுபவை. எத்தனை வருஷமாக நான் நின்ற இடம்.

"நெறைய இருக்கு கோமதி. பேருதான் தெரியல. இந்தா, இது என்னா? செவப்புக் காலு?"

அது மூன்று சுரத்தில் இறங்கும் சீழ்க்கை ஒன்றை அடித்தது. பார்க்கக்கூட வேண்டாம், கேட்டாலே போதும். அவர் என்னிடம் ஒரு பறவையின் பெயர் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் எழுத்துகளைத் தேடினேன். ப. வ. ள. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டால் இந்தக் கருவி தடுமாறும், அழித்து மறுபடி எழுதினேன். கருவியின் பெண்குரல் "பவளக்காலி" என்று வாசித்தபோது கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விட்டிருந்தது.

"ஆங்? எது? இப்ப ஒண்ணுமில்லையே" என்றார்.

படம் நின்ற பிறகு தர்ஷினி என் வாயைத் துடைத்துவிட்டாள். "கவனிச்சீங்களாம்மா? அப்பா ஒம்போது மணிக்கு மேல கெளம்பிப் போனாரு. ராகு காலம்லா! ஒருவழியா திருந்திட்டாரு."

எனக்குத் திக்கென்றது. போன வருஷம் இதற்காகத்தானே அவரைக் கொல்ல நினைத்தேன்? சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. கெட்டது நடந்துவிடுமோ என்று பயந்துதான் அவர் நேரம் பார்த்தார். இனிக் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டவர்தான் எந்த நேரத்திலும் கிளம்புவார். அவர் கைவிட்டுவிட்டார். நான் எப்போதோ கைவிட்டிருந்தேன், ஆனால் அவரும் விட்டுவிடுவார் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மதியம் சேறு ஒட்டிய காலோடு வந்து கட்டிலருகே நின்றார். நான் எழுதி வைத்திருந்ததைக் கருவி வாசித்தது.

"செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும். ராகு காலம் எப்போ?"

அவர் என்னையே பார்த்தார். "உனக்குத்தான் அதெல்லாம் புடிக்காதே."

மறுபடி எழுதினேன். அவர் அவசரப்படுத்தவில்லை. "பாத்துட்டு வாங்க."

சமையலறைக்குப் போனார். கூடத்திலிருந்து எனக்கு அந்த நாள்காட்டி தெரியாது. ஒரு தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. இன்னொன்று. இன்னொன்று. எந்த மாதத்திலிருந்து அவர் அதைத் தொடாமல் விட்டிருந்தார் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு இன்றைக்கு வந்து சேர முயன்றுகொண்டிருந்தார்.

எனக்கு மிச்சமுள்ள நேரமெல்லாம் அந்தச் சத்தம்தான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். கிழிப்பது நின்றபாடில்லை.